தூக்கிய வண்டி ஏன் அதிர்கிறது?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பழைய ஜிப்ஸி ஒன்று வைத்திருக்கிறார். எஸ்டேட் பாதைக்கு வசதியாக இருக்கும் என்று அதை 3 அங்குலம் தூக்கிக் கட்டினாராம். அன்று முதல் வண்டி 55, 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே அடித்தளம், சீட், கண்ணாடி எல்லாம் ஒரு ரீங்காரத்தோடு அதிர்கின்றன. வீல் பேலன்சிங் செய்தாயிற்று, அலைன்மென்ட் பார்த்தாயிற்று, டயரையும் மாற்றியாயிற்று. “தூக்கினா இப்படித்தான் சார் இருக்கும், பழகிக்கோங்க என்கிறார் மெக்கானிக். பழகித்தான் ஆக வேண்டுமா?” என்று கேட்கிறார்.

வேண்டியதில்லை. அந்த அதிர்வு டயரில் பிறக்கவில்லை, கோணத்தில் பிறக்கிறது. கோவை, நீலகிரி, மூணாறு, வாகமண், குடகு என்று மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி ஜீப், ஜிப்ஸி, தார் பிரியர்கள் நிறைய இருக்கிறார்கள். வண்டியைத் தூக்கிக் கட்டித் தரும் பட்டறைகளும் பெருகிவிட்டன. விளம்பரங்களில் அங்குலக் கணக்கு பெரிதாக இருக்கிறது. டிகிரிக் கணக்கு எங்கேயும் இல்லை. ஆனால், தூக்கிய வண்டி நன்றாக ஓடுமா என்பதைத் தீர்மானிப்பது டிகிரிதான்.

தூக்கினால் எது உயர்கிறது?

முதலில் ஒரு மிகைப்படுத்தலைச் சரிசெய்துவிடுவோம். “3 அங்குலம் லிஃப்ட், 3 அங்குலம் கூடுதல் கிரவுண்ட் கிளியரன்ஸ்” என்கிறார்கள். ஜிப்ஸியில் முன்னும் பின்னும் இருப்பவை ஒரே துண்டான, இறுகிய ஆக்சில்கள். பின்னால் வரும் தாருக்கும் பின் ஆக்சில் அப்படித்தான். இந்த ஆக்சிலின் நடுவே டிஃப்ரன்ஷியலைச் சுமக்கும் உருண்டையான ஹவுசிங் தொங்குகிறது. வண்டியின் அடியில் ஆகத் தாழ்ந்த இடம் அதுதான். ஸ்பிரிங்கை உயர்த்தினால் ஆக்சிலுக்கு மேலே இருக்கும் பாடியும் சேஸிஸும் உயரும். ஆக்சில் சக்கரத்தோடு இருக்கிறது. அது ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. நேற்று பாறையில் இடித்த டிஃப்ரன்ஷியல் இன்றும் அதே பாறையில் அதே உயரத்தில் இடிக்கும்.

அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் பாதிதான் கிடைக்கும்: டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் ஆக்சில் 1 அங்குலம் உயரும். அப்படியானால் லிஃப்ட் எதற்கு? அந்தப் பெரிய டயர் ஃபெண்டரில் உரசாமல் சுழல இடம் கொடுக்கிறது. மேட்டில் ஏறும்போது பம்பரும், மேட்டைத் தாண்டும்போது வயிற்றுப் பகுதியும் மண்ணில் தட்டாமல் காக்கிறது. இவை மதிப்புள்ள பலன்கள். ஆனால் இவற்றுக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பது கியர் பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்.

ஜிப்ஸியில், கியர் பாக்ஸின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனியாக, வண்டியின் நடுவே சேஸிஸில் மாட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து ஒரு ஷாஃப்ட் முன் ஆக்சிலுக்கும் இன்னொன்று பின் ஆக்சிலுக்கும் போகின்றன. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் சேஸிஸோடு சேர்ந்து மேலே போய்விடுகிறது. ஆக்சில் கீழேயே நிற்கிறது. இடையில் இருக்கும் ஷாஃப்ட் சரிந்தே ஆக வேண்டும்.

எவ்வளவு சரியும் என்பது ஷாஃப்டின் நீளத்தைப் பொறுத்தது. 750 மில்லிமீட்டர் நீள ஷாஃப்ட் ஒன்று தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 5 டிகிரி சரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது, அதன் ஒரு முனையைவிட மறுமுனை ஏறக்குறைய 65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. 75 மில்லிமீட்டர் லிஃப்ட் போட்டால் தாழ்வு 140 ஆகும். கோணம் சுமார் 11 டிகிரி. ஜிப்ஸி பிரியர்கள் விரும்பிச் செய்யும் இன்னொரு வேலை உண்டு. ஆக்சிலுக்கு அடியில் இருக்கும் லீஃப் ஸ்பிரிங்கை அதன் தலைக்கு மேல் மாற்றி வைப்பது. அதில் சுமார் 5 அங்குலம் உயரும். அப்போது கோணம் 15 டிகிரியைத் தொடும். இதே லிஃப்டை இரண்டு மடங்கு நீளமான ஷாஃப்ட் உள்ள வண்டிக்குப் போட்டால் 3 அங்குலத்துக்கு 3 டிகிரிதான் கூடும். குட்டையான வண்டியை நெடிய வண்டிக்கான கணக்கில் தூக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

கிராஸ் செய்யும் மாயம்

சரிந்த ஷாஃப்ட் எப்படிச் சுழல்கிறது? அதன் ஒவ்வொரு முனையிலும் ஒரு யூனிவர்சல் ஜாயின்ட் இருக்கிறது. பட்டறையில் ‘கிராஸ்’ என்பார்கள். கூட்டல் குறி வடிவத்தில் நான்கு கைகள் கொண்ட ஓர் இரும்புத் துண்டு. எதிரெதிரான இரண்டு கைகளை ஒரு ஷாஃப்டின் யோக் பிடித்திருக்கும். மற்ற இரண்டை அடுத்த ஷாஃப்டின் யோக் பிடித்திருக்கும். ஒவ்வொரு கையும் ஒரு சிறு கிண்ணத்துக்குள் ஊசி ஊசியான உருளைகளின் மேல் ஆடும்.

எனக்கு இந்தச் சின்ன உறுப்பின் மேல் தீராத வியப்பு. காரணம் இதுதான்: கோணத்தில் இருக்கும் கிராஸின் ஒரு பக்கத்தை நீங்கள் சீராகச் சுழற்றினால், மறுபக்கம் சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகமெடுக்கும். இரண்டு தடவை பின்தங்கும். ஒரு முழுச் சுற்று முடியும்போது இரண்டும் சரியாக ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். தேய்மானமோ தளர்வோ இதற்குக் காரணமில்லை. புத்தம் புதிய கிராஸும் இதைத்தான் செய்யும். வடிவியல் அதை அப்படிச் செய்ய வைக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள வாசலுக்குப் போவோம். அங்கே ஒரு பெரிய வட்டக் கோலம் போட்டிருக்கிறார்கள். நடுவிலிருந்து 12 ஆரங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே 30 டிகிரி. நேர் மேலே நின்று பார்த்தால் எல்லா இடைவெளியும் சமம். இப்போது எதிர் வீட்டு மாடிக்குப் போய்ச் சாய்வாகப் பாருங்கள். வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகத் தெரியும். பாதி உயரமாக நசுங்கும் அளவுக்குச் சாய்வு இருந்தால், இடவலமாகக் கிடக்கும் ஆரத்துக்கும் அதற்கு அடுத்ததற்கும் இடையே 16 டிகிரிதான் தெரியும். அடுத்த இடைவெளி 25. உங்களை நோக்கி நீளும் ஆரத்தை ஒட்டிய இடைவெளி 49. பக்கவாட்டில் ஆரங்கள் நெருங்கிக்கொள்கின்றன. முன்னும் பின்னும் விலகிக்கொள்கின்றன.

இந்தக் கோலத்தின் விளிம்பில் ஓர் எறும்பு சுற்றி வரட்டும். மாடியில் நிற்கும் உங்கள் கண்ணுக்கு அது ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். பாவம், எறும்பு என்ன செய்யும்? ஆரங்கள் நெருங்கித் தெரியும் பக்கவாட்டில் ஓட வேண்டும். விலகித் தெரியும் முன்பின் பகுதியில் மெல்ல நடக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு ஓட்டம், இரண்டு நடை. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மாடியில் நிற்பவர். சரிந்த ஷாஃப்ட் தரையில் இருக்கும் எறும்பு. கிராஸின் ஒரு ஜோடிக் கைகள் ஒரு வட்டத்தில் சுற்றுகின்றன; மற்ற ஜோடி அதற்குச் சாய்ந்த இன்னொரு வட்டத்தில் சுற்றுகிறது. இரண்டு ஜோடியும் எப்போதும் செங்குத்தாகவே இருக்க வேண்டும் என்பதால், ஒரு வட்டத்தின் சீரான கணக்கு மறு வட்டத்தில் சீரற்றதாகிவிடுகிறது.

உதாரணத்தை இன்னும் கொஞ்சம் இழுப்போம். மாடியிலிருந்து கோலத்தைப் படம் எடுங்கள். படத்தில் வட்டம் மேல்கீழாக நசுங்கியிருக்கிறது. அந்தப் படத்தைக் கையில் நிமிர்த்திப் பிடித்து, இடவலமாக அதே அளவு திருப்புங்கள். இப்போது அகலமும் அதே அளவு குறைந்து தெரியும். வட்டம் திரும்ப வந்துவிடும். சிறிதாக இருக்கும், ஆனால் முழு வட்டம். 12 இடைவெளியும் மறுபடி 30 டிகிரி. மாறாக, படத்தை முன்போலவே மேல்கீழாகச் சாய்த்தால்? பாதியில் பாதியாக நசுங்கி இன்னும் மோசமாகும்.

ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கும் இரண்டாவது கிராஸ் செய்வது இதைத்தான். முதல் கிராஸ் கெடுத்ததை இரண்டாவது கிராஸ் திருத்துகிறது. நடுவில் இருக்கும் ஷாஃப்ட் ஓடியும் நடந்தும் தவித்தாலும், ஆக்சிலுக்குள் நுழையும் பினியன் சீராகச் சுழல்கிறது. இதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, இரண்டு முனையிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும். அதாவது ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வெளிவரும் தண்டும் பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இரண்டு, ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது நடுவில் இருக்கும் ஸ்ப்ளைன் பல் இடம் மாறினால் இரண்டாவது நிபந்தனை உடைந்துவிடும். கால் சுற்று மாறி மாட்டினால், திருத்த வேண்டிய கிராஸ் கெடுதலை இரட்டிப்பாக்கும். சேற்றையும் கிரீஸையும் துடைத்துப் பார்த்தால் பல ஷாஃப்டுகளில் ஸ்ப்ளைனின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு அம்புக்குறி தெரியும். அவை நேருக்கு நேர் நிற்க வேண்டும். குறி இல்லாவிட்டால் கழற்றும் முன் நாமே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இத்தாலியின் கார்டானோ பெயரில் இது வழங்கினாலும், இதன் சீரற்ற சுழற்சியை ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். 1676-இல் இதைப் பற்றி எழுதினார். அவர் அந்தச் சீரின்மையைக் குறையாகப் பார்க்கவில்லை. சூரியக் கடிகாரத்தின் நிழல் தரையில் நகரும் விதமும் இதே சூத்திரத்தில் அடங்குவதால், நிழலைப் பின்தொடரும் கருவிக்கு இது பயன்படும் என்றார். இரண்டு கிராஸ் சேர்ந்தால் குறை நீங்கும் என்பதும் அவர் சொன்னதுதான். வாகனத்துக்கு ஏற்ற வடிவத்துக்கு அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903-இல் காப்புரிமை பெற்றார்.

எண்கள் சொல்லும் கதை

சீரின்மை எவ்வளவு? 3 டிகிரியில் ஒரு சதவீதத்தில் கால் பங்கு, யாருக்கும் தெரியாது. 10 டிகிரியில் உச்ச வேகத்துக்கும் தாழ்ந்த வேகத்துக்கும் இடையே 3 சதவீதம். 15 டிகிரியில் 7 சதவீதம். 20 டிகிரியில் 12 சதவீதத்துக்கும் மேல். கோணம் இரட்டிப்பானால் சீரின்மை நான்கு மடங்காகிறது.

சாலையில் வைத்துப் பார்ப்போம். 80 கிலோமீட்டர் வேகத்தில், 29 அங்குல டயரும் 4-க்கு 1 என்ற அளவிலான கிரவுன் பினியனும் உள்ள வண்டியில், ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2300 தடவை சுழலும். 15 டிகிரி கோணத்தில் அது 2220-க்கும் 2380-க்கும் இடையே ஊசலாடும். அந்த ஊசலாட்டம் நொடிக்கு 77 தடவை. கனமான இரும்புக் குழாய் ஒன்றை நொடிக்கு 77 தடவை முடுக்கி, அடக்கி, முடுக்கி, அடக்கிக்கொண்டிருக்கிறோம். மறுமுனையில் பினியன் சீராகச் சுழன்றாலும் இந்த அலைக்கழிப்பு நடுவில் நடந்துகொண்டேதான் இருக்கும். அதனால்தான் இரு கோணமும் சமமாக இருந்தாலும் ஓர் எல்லை தேவைப்படுகிறது. ஸ்பைசர் ஷாஃப்டுகளுக்கான வழிகாட்டு அட்டவணை 3000 சுற்றுக்குச் சுமார் 6 டிகிரி, 1500 சுற்றுக்குச் சுமார் பதினொன்றரை டிகிரி என்று வரம்பு வைக்கிறது. வேகம் பாதியானால் இரண்டு மடங்கு கோணத்தைத் தாங்கலாம் என்பது இதன் சாரம்.

இந்த வரம்பை நம் 11 டிகிரி ஷாஃப்டுக்குப் பொருத்திப் பாருங்கள். நிமிடத்துக்குச் சுமார் 1600 சுற்றோடு அது எல்லையைத் தொட்டுவிடுகிறது. சாலைக் கணக்கில் அது 55 கிலோமீட்டரை ஒட்டி வரும். வாசகரின் வண்டியில் அதிர்வு தொடங்குவதும் அங்கேதான். அவருடைய ஷாஃப்டை நான் அளந்து பார்க்கவில்லை. ஆனாலும் இந்தப் பொருத்தம் எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு, அவை போகும் வேகம் தெரியும். கல்லும் குழியுமான அந்தப் பாதையில் வேகம் என்ற பேச்சே இல்லை. 20 கிலோமீட்டரில் ஷாஃப்டுக்கு ஏற்படும் முடுக்கம் 80 கிலோமீட்டரில் ஏற்படுவதில் 16-இல் ஒரு பங்குதான். மலையிலேயே ஓடும் வண்டிக்குக் கோணம் பெரிய பகையில்லை. வாரக் கடைசியில் கோவையிலிருந்து நான்குவழிச் சாலையில் 90-இல் பறந்து போய், மலையில் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கி, மறுபடி 90-இல் திரும்பும் வண்டிக்குத்தான் அது பகை. ஆகவே லிஃப்டைத் தேர்ந்தெடுக்கும்போது போய்ச் சேரும் காட்டைவிட, அங்கே போகும் சாலையைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

அதிர்வின் மூலத்தைக் கண்டுபிடிக்கவும் இதே எண்கள் உதவும். 80 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்குச் சுமார் 10 தடவை சுற்றும். டயர் சமநிலை கெட்டிருந்தால் அந்த மெதுவான குலுக்கல் ஸ்டீயரிங்கில் கைக்குத் தெரியும். ஷாஃப்ட் வளைந்தோ எடை ஏறுமாறாகவோ இருந்தால் நொடிக்கு 38 அதிர்வு. கிராஸ் கோணத்தால் வருவது அதில் இரண்டு மடங்கு, 77. அது அடித்தளத்திலும் சீட்டிலும் ரீங்காரமாகக் கேட்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒருவிதமாகவும் காலை எடுத்தால் வேறுவிதமாகவும் அது மாறினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஏனென்றால், மிதிக்கும்போது லீஃப் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு பின் ஆக்சிலின் பினியன் மூக்கு மேலே எழுகிறது. கோணம் அந்தக் கணத்திலேயே மாறுகிறது. இந்த நோய்க்கு வீல் பேலன்சிங் எத்தனை தடவை செய்தாலும் பயன் இல்லை.

பாதி மருந்து, முழு வியாதி

இங்கேதான் பல பட்டறைகள் தடுக்கி விழுகின்றன. “கோணம் அதிகமாகிவிட்டதா? பினியன் மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடுவோம்” என்று ஆப்பு வடிவத் தகடு ஒன்றை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே செருகுகிறார்கள். ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமானதாக மாட்டித் தூக்கினாலும், ஷேக்கிள் பின்பக்கம் உள்ள பின் ஸ்பிரிங்கில் இதே விளைவு தானாக வந்துவிடும்: ஒரு மீட்டர் நீள ஸ்பிரிங்கில் ஷேக்கிளை 50 மில்லிமீட்டர் நீட்டினால், வண்டி அதில் பாதிதான் உயரும், ஆனால் ஆக்சில் ஏறக்குறைய 3 டிகிரி திரும்பிவிடும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது: கீழ் கிராஸின் கோணம் 11-இலிருந்து 8 ஆகக் குறைகிறது. ஆனால் மேல் கிராஸ் 11-லேயே நிற்கிறது. இனி ஒன்று கெடுத்ததை மற்றொன்று முழுதாகத் திருத்த முடியாது. மிச்சம் எவ்வளவு? கழித்தல் கணக்கில் 3 டிகிரி என்று தோன்றும். உண்மையில் கோணங்களின் வர்க்கங்களைக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 121-இலிருந்து 64 போனால் 57, அதன் வர்க்கமூலம் ஏழரை. ஏழரை டிகிரியில் ஒற்றைக் கிராஸ் மாட்டி ஓட்டினால் பினியன் எவ்வளவு அல்லாடுமோ, அவ்வளவு அல்லாடும். இந்த மிச்சம் 3 டிகிரிக்குள் இருப்பதுதான் நல்லது. நல்ல எண்ணத்தோடு செய்த வேலை வண்டியை முன்னைவிட மோசமாக்கிவிடுகிறது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்க ஜீப்களைத் தூக்கும் காணொளிகளில் பினியனை மேலே திருப்புவதைக் காட்டுகிறார்கள். அவர்கள் செய்வது சரிதான். ஆனால் அந்த வண்டிகளில் மேல் முனையில் ஒரு கிராஸுக்குப் பதில் அடுத்தடுத்து இரண்டு கிராஸ் கொண்ட ‘டபுள் கார்டன்’ ஜாயின்ட் இருக்கும். கோணத்தை இரண்டும் பாதிப் பாதியாகப் பங்கிட்டு, ஒன்றின் குறையை மற்றொன்று அங்கேயே தீர்த்துவிடும். அதனால் கீழ் கிராஸுக்குத் திருத்தும் வேலையே இல்லை. பினியன் நேராக ட்ரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்கலாம். மிதிக்கும்போது மூக்கு எழும் என்பதால் ஒன்றிரண்டு டிகிரி தாழ்த்தி வைப்பார்கள். ஆக, விதி இரண்டு. இரண்டு ஒற்றைக் கிராஸ் உள்ள ஷாஃப்டுக்குத் தண்டுகள் இணையாக இருக்க வேண்டும். டபுள் கார்டன் உள்ள ஷாஃப்டுக்குப் பினியன் மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். ஒன்றின் விதியை மற்றொன்றுக்குப் பொருத்தினால் அதிர்வு நிச்சயம்.

ஸ்பிரிங்கை ஆக்சிலுக்கு மேலே மாற்றும் வேலையில் இது இன்னும் கூர்மையாக வருகிறது. ஸ்பிரிங் உட்காரும் புதிய இருக்கைகளை ஆக்சில் குழாயின் மேல் வெல்டிங் செய்ய வேண்டும். அவை எந்தக் கோணத்தில் ஒட்டப்படுகின்றனவோ, பினியன் கோணம் அதுதான். நல்ல வெல்டர் முதலில் முழுதாக ஒட்டமாட்டார். இரண்டு மூன்று புள்ளி மட்டும் வைத்துவிட்டு, வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, சக்கரத்தின் மேல் முழு எடையோடு நிற்க வைப்பார். கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளி ஸ்பிரிங்கை அடங்கவிடுவார். பிறகு காந்தம் உள்ள கோணமானியைப் பினியன் யோக்கில் ஒட்டிப் பார்ப்பார். ட்ரான்ஸ்ஃபர் கேஸின் யோக்கில் ஒட்டிப் பார்ப்பார். இரண்டும் ஒரு டிகிரிக்குள் ஒத்துவந்த பிறகுதான் முழு வெல்டிங். வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஒட்டி முடித்தால், இறக்கியதும் கோணம் வேறாக இருக்கும். அதைத் திருத்த இருக்கைகளை அறுத்தெடுக்க வேண்டிவரும்.

முன் ஆக்சிலில் சிக்கல் இன்னும் ஒரு படி மேல். முன் ஆக்சிலின் பினியனை மேலே திருப்பினால், அதே ஆக்சிலில் இருக்கும் ஸ்டீயரிங் அச்சும் சேர்ந்து திரும்பி, பின்னோக்கிய சாய்வான ‘காஸ்டர்’ குறையும். அதுவே ஒரு சில டிகிரிதான் இருக்கும். பினியனுக்கு 4 டிகிரி கொடுத்தால் காஸ்டரில் 4 டிகிரி போய்விடும். ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. நெடுஞ்சாலையில் வண்டி அலையும். குழியில் இறங்கினால் முன் சக்கரங்கள் வெடவெடவென்று ஆடக்கூடும். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் காஸ்டரைத்தான் காப்பாற்ற வேண்டும். முன் ஷாஃப்டுக்கு வேலை ஃபோர் வீல் டிரைவில், குறைந்த வேகத்தில்தான். அங்கே கோணத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஃப்ரீ வீல் ஹப் உள்ள வண்டியில் சாலையில் ஹப்பைத் திறந்துவிட்டால் முன் ஷாஃப்ட் சுழலவே சுழலாது.

நீளத்தையும் மறக்கக் கூடாது. ஆக்சில் கீழே போகப் போக ஷாஃப்ட் நீள வேண்டியிருக்கும். நடுவில் இருக்கும் ஸ்ப்ளைன் வெளியே வரும். உள்ளே கடித்திருக்கும் நீளம் குறையும். ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது அது முழுதாகக் கழன்றுவிடவும் கூடும். வண்டியைத் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டு இதைப் பார்த்துவிட வேண்டும்.

தாருக்கு வேறு கணக்கு

2020-இல் வந்த தாரில் முன் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பு. அவற்றுக்குச் சக்தி போவது சி.வி. ஜாயின்ட் வழியாக. 1920-களில் ஃபோர்டில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் செப்பா உருவாக்கிய வகையில் ஆறு இரும்புக் குண்டுகள் பள்ளங்களில் ஓடும். எந்தக் கோணத்திலும் அந்தக் குண்டுகள் இரு தண்டுக்கும் சரிபாதிக் கோணத் தளத்திலேயே நிற்கும். நம் கோலத்துக்குத் திரும்பினால், தெருவின் இரு பக்கத்து மாடிகளிலிருந்தும் ஒரே சாய்வில் இருவர் பார்க்கிறார்கள். இருவருக்கும் ஒரே அளவு நசுங்கல்தான் தெரியும். இருவர் கணக்கும் ஒத்துப்போகும். எறும்பு எப்படி ஓடினாலும் கவலையில்லை. ஆகவே இங்கே வேகம் சீராகவே வரும்.

அதனால் லிஃப்டுக்கு விலையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கோணம் கூடக் கூடக் குண்டுகள் பள்ளத்தில் அதிக தூரம் உரசுகின்றன. சூடும் தேய்மானமும் ஏறுகின்றன. ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று தேய்ந்து கிழிகின்றன. ஒரு கிழிசல் போதும், மண் உள்ளே போய் ஜாயின்டை அரைத்துவிடும். உள்பக்கம் மூன்று உருளை கொண்ட ஜாயின்ட் இருந்தால், கோணம் கூடக் கூட ஒரு சுற்றுக்கு மூன்று தடவை அது தண்டை உள்ளும் வெளியும் தள்ளும். வேகமெடுக்கும்போது வண்டி பக்கவாட்டில் நடுங்குவது அதனால்தான். “சி.வி. ஜாயின்ட் இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் தூக்கலாம்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயங்களை விலைப்பட்டியலில் யாரும் எழுதுவதில்லை. ஒன்று, சாய்வு. இரு சக்கரத் தடத்துக்கு இடையே 1300 மில்லிமீட்டரும் ஈர்ப்பு மையம் 650 மில்லிமீட்டர் உயரத்திலும் உள்ள வண்டி, கணக்குப்படி 45 டிகிரிப் பக்கச் சாய்வில் கவிழும். ஈர்ப்பு மையம் 60 மில்லிமீட்டர் உயர்ந்தால் அது நாற்பத்திரண்டரையாகக் குறைகிறது. ஸ்பிரிங் ஒருபுறம் அமுங்குவதையும் சேர்த்தால் நிஜத்தில் எல்லை இன்னும் முன்னதாகவே வரும். மலைச் சரிவில் அந்த இரண்டரை டிகிரி பெரிய வித்தியாசம். இரண்டு, சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் தந்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றிதழின் விவரங்கள் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. பணம் கட்டும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஒரு கோணமானியோ, சாய்வு காட்டும் வசதியுள்ள கைப்பேசியோ போதும். சமதளத்தில், வண்டி தன் எடையில் நிற்கும்போது மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: ட்ரான்ஸ்ஃபர் கேஸ் தண்டின் சாய்வு, ஷாஃப்டின் சாய்வு, பினியனின் சாய்வு. முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மேல் கிராஸின் கோணம். பின் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கீழ் கிராஸின் கோணம். இரண்டும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் பினியனைத் திருத்துங்கள். ஒத்துப்போயும் கோணம் பெரிதாக இருந்தால் மூன்று வழிகள் இருக்கின்றன: உயரத்தைக் குறைப்பது, டபுள் கார்டன் ஷாஃப்ட் போடுவது, அல்லது ட்ரான்ஸ்ஃபர் கேஸைக் கொஞ்சம் கீழே இறக்குவது. கடைசி வழியில், வயிற்றுக்கடியில் சம்பாதித்த உயரத்தில் ஒரு பகுதி திரும்பப் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னும் லிஃப்ட் போடாதவர்கள், வண்டியைத் தொடும் முன்பே இந்த எண்களை எழுதி வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். “வேலை முடிந்த பிறகு இந்த மூன்றும் என்னவாக இருக்கும்?” என்று கேளுங்கள். அங்குலத்தை மட்டும் சொல்லிவிட்டு டிகிரிக்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் வண்டியை விடாதீர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் கோணத்தை அளந்து காகிதத்தில் எழுதித் தருபவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம். ஒன்றரை, இரண்டு அங்குலத்தோடு நிறுத்தி, கோணத்தைச் சரியாக வைத்த வண்டி, காட்டிலும் ஏறும், நெடுஞ்சாலையிலும் அமைதியாக ஓடும். பெரும்பாலானவர்களுக்கு அதற்கு மேல் தேவையே இல்லை.